நேர் ஒன்று, புரட்டு ஒன்று

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து கிளம்பியது. புரட்டு. கம்பளி பின்னுகிறவர்களுக்கு அது ஒரு கண்ணியின், அதாவது ஊசியில் விழும் நூல் வளையத்தின், பெயர். நமக்கெல்லாம் அதற்கு அர்த்தம் பொய். நேர்க்கண்ணி ஒன்று, புரட்டுக்கண்ணி ஒன்று. அடுத்த வரிசையில் நேரின் தலைமேல் புரட்டு, புரட்டின் தலைமேல் நேர். அவ்வளவுதான், பின்னல் முழுக்க மணிமணியாகப் புடைத்துக்கொள்ளும். கதை எழுதுவதும் இதே தொழில்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

2

முதல் தொடக்கம்: ‘1951 மார்கழிக் குளிரில் சங்கரன்கோவிலே நடுங்கிக்கொண்டிருந்தபோது...’

(அடித்துவிட்டேன். கம்பளியைப் பார்த்தாலே வேர்க்கிற ஊர்.)

இரண்டாவது: சண்முகையா கைத்தறி நெசவாளி. அவருக்குக் காலையிலிருந்து தார்* சுற்றிக் கொடுப்பவள் மனைவி இசக்கியம்மாள். மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டரின் சம்சாரம் இந்த ஒரு பின்னலை மட்டும் காட்டிக்கொடுத்து, இரண்டு ஊசியையும் பச்சைக் கம்பளி நூலையும் அவளிடம் விட்டுப் போனாள். (இது நேர். நம்பலாம்.)

அன்றிலிருந்து இசக்கியம்மாளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் நூல் என்றால் வேலை. இந்த நூலோ விளையாட்டு. பின்னிய இடத்தைக் கம்பங்கதிரைத் தடவுவதுபோல் தடவித் தனியே சிரித்துக்கொள்வாள்.

“ஏட்டி, இது யாருக்கு?” என்றார் சண்முகையா.

“யாருக்கும் இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“நல்லா இருக்கு.”

நெசவாளிக்கு இது ஒரு பதிலா? “ஆடித்தபசுத் திருவிழாவுக்குள்ள இது ஒரு உருப்படியா ஆவணும். இல்லன்னா ஊசி பரணுக்குப் போயிரும், சொல்லிட்டேன்.”

* தார்: ஊடுநூல் சுற்றிய சிறு குழல். அதைச் சுற்றும்போது யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

3

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். கதைக்கு ஒரு காரணம் வேண்டாமா? பிறக்கப்போகும் பேரனுக்கு என்று எழுதினேன். அவளுக்கு அந்த வயதில்லை. பட்டாளத்திலிருக்கும் தம்பிக்கு என்று... தம்பியே கிடையாது. எதைக் கொடுத்தாலும் ‘நல்லா இருக்கு, அதான்’ என்கிறாள், ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்குக் கோபம் வந்தது. பொறாமையும்தான், எழுதும்போது நான் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

நூல் குறையக் குறைய அவளுக்கு வேறொரு பயம். உருப்படியாக ஆகாவிட்டால் ஊசி பரணுக்குப் போகும். ஆகிவிட்டாலோ, பின்னுவதற்கு நூல் இருக்காது.

4

தபசுக்குக் கொடியேறிய அன்று இசக்கியம்மாள் கடைக்குப் போயிருந்தாள். சண்முகையா பின்னலைக் கையிலெடுத்தார். எங்கு பார்த்தாலும் புடைப்பு. அவர் கண்ணுக்கு அத்தனையும் முடிச்சு, அத்தனையும் பழுது. இப்படி ஒரு சேலையைக் கொண்டுபோனால் முதலாளி முகத்திலேயே எறிவார். பாவம், தெரியாமல் செய்திருக்கிறாள், சரிசெய்து கொடுப்போம் என்று (கவனியுங்கள், பிரியத்தோடுதான்) ஊசிக்குக் கீழிருந்த ஒரு மணியைக் கத்தரித்து நூலை இழுத்தார்.

நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கிக்கொள்ளும். பின்னலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கண்ணி கண்ணியாக, வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. அடக்கப் பார்த்தார், இன்னும் அவிழ்ந்தது. இசக்கியம்மாள் உள்ளே வந்தபோது அவர் மடியில் சுருள்சுருளாகப் பச்சைக் குவியல்.

5

(அ) அவள் அழுதாள்.

(ஆ) ஊசியைத் தானே பரணில் வீசினாள்.

இரண்டையும் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை.

“நான் பழுதுதாம்ட்டி எடுத்தேன்...”

“பழுது இல்ல. அதான் பின்னலே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடியப்போகிறதே என்று அவள் பயந்த பின்னல், முதலிலிருந்து பின்னும்படி முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “கொண்டா, எப்படி வருதுன்னு பாப்போம்.” அவள் கண்ணி ஏற்றிக் கொடுத்தாள். நேர் ஒண்ணு. புரட்டு ஒண்ணு. சில வரிசை போனதும் விரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார். பிறகு, சங்கரன்கோவில் நெசவாளி சண்முகையா தனியே சிரித்தார்.

அவள் ஊசிக்குக் கையை நீட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

“தபசுக்குள்ள முடியணுமே?” என்றாள்.

“எந்த வருசத்துத் தபசுன்னு சொன்னேனா?”

தெருவிலிருந்து பக்கத்து வீட்டு மருதப்பன் குரல் கொடுத்தான். “என்ன வே, தறிச் சத்தத்தையே காணோம்?”

“பழுது பாக்குதேன் வே!” என்றார் சண்முகையா, தலையை நிமிர்த்தாமல்.

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அவர் ஊசியைத் திருப்பிக் கொடுத்தாரா? கடைசியாக விழுந்தது, மருதப்பனுக்குச் சொன்ன அந்தப் பதில், புரட்டு என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த கண்ணியை நீங்கள் போடுங்கள்.