முப்பதும் வெள்ளை

தைப்பொங்கலிலிருந்து வைகாசி வரை நான் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. பிட்டும் இடியப்பமும் விற்கிறவள் தேங்காய் உடைக்காமல் எப்படிக் கடை நடத்தினாள் என்று கேட்பீர்கள். பிட்டுக்குத் திருவின தேங்காய்ப்பூவை, எல்லை வீதிக்கு அந்தப் பக்கம் காத்தான்குடியில் இருக்கிற றஸீனா கொண்டுவந்து தருவாள். சொதிக்குக் கடையில் விற்கிற பக்கற் தேங்காய்ப்பால் மா. வெந்நீரில் கரைத்தால் வெள்ளையாக ஏதோ வரும். அதைப் பால் என்று சொல்ல எனக்கே வெட்கம். வாவியில் தோணி விடுகிற சாமித்தம்பி ஒவ்வொரு காலையும் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “புஸ்பம், உன்ர சொதியில முகம் பார்த்து முகச்சவரம் செய்யலாம்” என்பான். சவரத்தை வீட்டில் செய்துவிட்டு வா என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. முதற்பால் வேறு, சக்கையை மறுபடி பிழிகிற கப்பிப்பால் வேறு என்று பிழிந்து, கப்பிப்பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் அவியவிட்டு, இறக்குகிற நேரத்தில் முதற்பாலை ஊற்றி, கொதித்துத் திரைந்துவிடாமல் துழாவி இறக்குகிறவள். ஆருக்கு வாய்ப்புண் வந்தாலும் முதற்பாலை வாயில் வைத்திரு என்பேன். தலை காய்ந்துபோனால் பாலைத் தேய்த்து முழுகச் சொல்வேன். அடுப்பில் சுட்டுக்கொண்டால் பூச, பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் ஒரு போத்தில் எப்போதும் என்னிடம் இருக்கும். இந்த வைத்தியமெல்லாம் அதிகம் பட்டவன் என் ஒரே மகன் ஜெயந்தன். “அம்மாவுக்குக் கால் முறிஞ்சாலும் தேங்காய்ப்பால்தான்” என்று பழிப்பான்.

அவன் மேசன். சுனாமியில் வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டுகிற வேலைக்கு இரண்டாயிரத்து ஆறில் முல்லைத்தீவுக்குப் போனான். மூன்று மாத வேலை என்றான். அவன் திரும்பி வருமுன் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு சண்டை. இந்தப் பொங்கலன்று ஆரோ ஒருவருடைய போனிலிருந்து பேசினான். பங்கருக்குள் இருக்கிறோம், சாப்பாடு இல்லை, உங்கள் சொதி கனவில் வருகிறது என்றான். சொதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அன்றைக்கே அம்மன் கோயிலுக்குத் தேங்காய் கொண்டுபோனேன். அவன் பெயரைச் சொல்லி உடைத்தது அழுகலாகப் போயிற்று. பூசகர் என் முகத்தைப் பார்க்காமல் வேறொரு காயை எடுத்து உடைத்தார். அதற்குப் பிறகு தேங்காயையும் கத்தியையும் ஒன்றாகக் கண்டாலே கை விறைக்கும். இன்னொன்றும் அழுகலாக வந்தால் நான் என்ன செய்வேன்? பயித்தியம் என்பார்கள் என்று ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. றஸீனா மட்டும் கேட்காமலே விளங்கிக்கொண்டு பூவாகத் திருவித் தந்தாள்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு விசயத்தில்தான் கோபம். புளியந்தீவு டவுனில் காணாமற்போனவர்களுடைய பெயர் பதிகிறார்கள், படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்போம், நானும் வாறன் என்று பங்குனியிலிருந்து அரித்துக்கொண்டிருந்தாள். காணாமற்போக அவன் என்ன ஆட்டுக்குட்டியா என்று ஏசி அனுப்பினேன். என் கையால் அப்படி எழுதிக் கொடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

அவளை ஏசுகிற தகுதி எனக்கு இருந்ததா என்பது வேறு கதை. சுனாமியன்று அவளுடைய பதினொரு வயது மகள் சப்னா கடற்கரைப் பக்கத்து மதரசாவுக்கு ஓதப் போயிருந்தாள். கடல் வந்து போன பிறகு பிள்ளையைக் காணவில்லை. றஸீனா தலையில் சீலைகூட இல்லாமல் தெருவில் கிடந்து புரண்டதைப் பார்க்க முடியாமல், நான் ஒரு பொய் சொன்னேன். சப்னாவை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன், பச்சைச் சட்டை, அழுதுகொண்டிருந்தாள், உயிரோடுதான் இருக்கிறாள் என்றேன். இரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடினாள். மூன்றாம் நாள் பிள்ளையை உயிரில்லாமல் வாவிக் கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் எடுத்தார்கள். பச்சைச் சட்டை இல்லை, ஊதா. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலரை வருசம் அப்படியே போனது.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். என்ன என்று எட்டிப் பார்க்குமுன், ஆமிச் செக்பொயின்றில் சமையலுக்கு இருக்கிற சிங்களக் கோப்ரல் சைக்கிளில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். ஐம்பது வயது மனுசன், என் பிட்டுக்கு நாள்தோறும் வருகிறவர். “அம்மா, சண்டை முடிஞ்சு. நாளைக்கு றோட்டில எல்லாருக்கும் பாற்சோறு. அம்மா நல்லா செய்றது” என்றார். அவர்கள் நல்லநாளுக்குத் தேங்காய்ப்பாலில் ஆக்குகிற சோறு; அதற்கு முப்பது தேங்காயும் பச்சையரிசியும் கொண்டுவந்திருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் மாட்டேன் என்று சொல்கிற காலமா அது?

அவர் போன பிறகு நான் சாக்குக்கு முன்னால் குந்தினேன். எங்கள் ஊர்க் காய் இல்லை, குருநாகல் பக்கத்துப் பெரிய காய்கள். சண்டை முடிந்துவிட்டது என்றால் இனி மகன் இருக்கிறான், இல்லாவிட்டால் இல்லை. இரண்டில் ஒன்று. நாலு மாதமாக அடக்கி வைத்த பயமெல்லாம் ஒரேயடியாக நெஞ்சில் ஏறியது. றஸீனா வந்தபோது நான் தீர்மானித்துவிட்டேன்.

“முப்பதையும் நான்தான் உடைப்பன்” என்றேன். “முப்பதும் வெள்ளையா வந்தா என்ர புள்ள உசிரோட இரிக்கான். ஒண்டு அழுகினாலும் இல்ல. அம்மனுக்குச் சொல்லிப்போட்டன்.”

றஸீனா சாக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பெரிய பானையைக் கழுவிக் கவிழ்க்கச் சொல்லி என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். திரும்பி எட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு காயாகத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு பேர் திருவ வேண்டும், தன் திருவலையை எடுத்து வாறன் என்று கூடையோடு போனாள், கூடையோடு வந்தாள். எனக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை.

விடிய நாலரைக்குத் தொடங்கினோம். கத்தியின் முதுகால் முதல் காயைத் தட்டினேன். வெள்ளை. இரண்டாவது வெள்ளை. பத்தாவது வரும்போது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. பதினேழாவது காயில் தண்ணீர்ச் சத்தம் குறைவாகக் கேட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. “உடைங்க புஸ்பக்கா” என்றாள் றஸீனா. உடைத்தேன். வெள்ளை. இடையில் மூன்று காய் சின்னதாக, எங்கள் ஊர்க் காய்போல இருந்தன. சாக்கில் கலந்து கிடந்திருக்கும் என்று நினைத்து அவற்றையும் உடைத்தேன். முப்பதாவதும் வெள்ளையாக இரண்டு பாதியாய் விரிந்தபோது, பாதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். தேங்காய்த் தண்ணீரில் நனைந்து சிரித்தேன். றஸீனா எழும்பிப் போய் அடுப்பை ஊதினாள்.

அப்படிப் பால் பிழிந்து எத்தனை மாதம்! முதற்பால் விரல்களுக்கிடையில் தடிப்பாக வழிந்தது. சோறு வெந்து குழைகிற பதத்தில் அதை ஊற்றி, உப்புப் போட்டு, அடிப்பிடிக்காமல் துழாவித் தட்டங்களில் பரப்பி வெட்டினேன். சந்தியில் நின்று என் கையால் கொடுத்தேன். பஸ்ஸில் போனவர்களுக்கும் கொடுத்தேன். எங்கள் ஆட்களில் பலர் குனிந்தபடி வாங்கினார்கள். வாங்கியதைக் கையிலேயே வைத்திருந்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றதைக் கண்டு சாமித்தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோப்ரல் எதற்குச் சிரித்தார், நான் எதற்குச் சிரித்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். பொங்கலுக்குப் பிறகு வாய்க்கு ருசித்த முதல் சாப்பாடு அது.

மத்தியானம் றஸீனாவின் திருவலையைக் கொடுக்கப் போனேன். அவள் வீட்டுக் கிணற்றடியில், சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் மூன்று தேங்காய் கிடந்தன. பெரிய காய், குருநாகல் காய். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே தண்ணீரே இல்லை. காயின் கண்ணில் கறுப்புப் பூத்திருந்தது. காலையில் உடைத்த மூன்று சின்னக் காயும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

றஸீனா வாசலில் வந்து நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய், என் பிள்ளையின் உயிரில் விளையாட உனக்கு ஆர் சொன்னது என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். நான் ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

“சப்னாவ லொறியில கண்டன் எண்டு சொன்னீங்களே” என்றாள். “அது பொய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். காலையில நான்தான் அவளுக்கு ஊதாச் சட்ட போட்டு விட்ட.”

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

“தெரிஞ்சும் நம்பினன். அந்த ரெண்டு நாளும் நீங்க தந்த பால்கஞ்சியக் குடிச்சன். புள்ள கிடைச்சா தூக்கிற பெலன் வேணும் எண்டு குடிச்சன். அந்தக் கஞ்சி இல்லாட்டி நானும் அண்டைக்கே மவுத்தாகியிருப்பன். உங்களுக்கும் ஒரு நாள் எண்டாலும் தின்னக் கிடைக்கட்டும் எண்டுதான் செஞ்சன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று காயையும் அவளுடைய கூடையிலேயே போட்டுத் தூக்கிவந்தேன். அவள் தடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை, சாமித்தம்பி வாங்கில் வந்து குந்தி, முகம் கொடுக்காமல் பிட்டும் சொதியும் கேட்டான். பொறு, பால் பிழிய வேண்டும் என்றேன். பெட்டியிலிருந்து ஜெயந்தனுடைய படத்தை எடுத்து, மடியாமல் ஒரு கொப்பிக்குள் வைத்துப் பையில் போட்டேன். றஸீனாவுக்கு ஆள் அனுப்பி, புளியந்தீவுக்குப் போகிற பத்து மணி பஸ்ஸுக்கு வரச் சொன்னேன்.

பிறகு அந்த மூன்றில் ஒன்றை எடுத்தேன். மகனின் பெயரைச் சொல்லித்தான் தட்டினேன். அழுகல். நாற்றம் கடை முழுக்கப் பரவியது. சாமித்தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். வேலிக்கு வெளியே அதை வீசிவிட்டு, கத்தியைக் கழுவி, அடுத்த காயை எடுத்தேன்.