மரக்காணத்தில் பனி பெய்த கதை

மரக்காணத்தில் பனி பெய்தது என்று சொன்னால் எந்த மடையனாவது நம்புவானா? அமெரிக்காவில் ஒரு வகுப்பே நம்பியது. நம்ப வைத்த புண்ணியவதி, பிளஸ் ஒன் படிக்கும் வினோதினி.

எல்லாம் இங்கிலீஷ் வாத்தியார் பிரபாகரன் இழுத்துவிட்ட வேலை. மிச்சிகனில் ஏதோ ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூலோடு பேசிவைத்து, இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு அங்கே ஆளுக்கொரு தோஸ்து பிடித்துக் கொடுத்தார். வினோதினிக்கு வாய்த்தவள் ஹேலி. சும்மா இருப்பாளா அவள்? வாரா வாரம் போட்டோ அனுப்பினாள். பிள்ளைக்கு ஒரு பூட்டு போட்ட அலமாரி, மஞ்சள் பஸ், ஃபுட்பால் மைதானம், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நீச்சல் குளம். ஒருநாள் மைதானமே வெள்ளையாகக் கிடந்தது. பனியாம். கீழே கேள்வி வேறு: உன் ஊர் எப்படி இருக்கும்? உன் அம்மாவுக்கு என்ன வேலை?

அந்த இரண்டாவது கேள்விதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஹேலியின் அம்மா டாக்டர். இவள் அம்மா சாலம்மாள் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவள். அதை எழுத வினோதினிக்கு வெட்கமாக இருந்தது. போனில் ஒரு படம் இருந்தது, உப்புக் குவியல் பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அம்மாவை வெட்டினாள். ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் போகமாட்டேன் என்றது, அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மிச்சம் நின்றது வெள்ளைவெளேர் என்று ஒரு மலை. "எங்கள் ஊரிலும் பனி" என்று தட்டி அனுப்பிவிட்டு, அம்மா கேள்வியை நைசாக முழுங்கிவிட்டாள்.

வகுப்பில் பாதிப் பேர் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். விஷயம் தெரிந்ததும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

"டேய், வினோதினி ஊட்டுப் பக்கம் போறவங்க ஸ்வெட்டர் போட்டுக்கினு போங்கடா" என்றான் தமிழ்வேந்தன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாசி மாதத்தில் வீடியோ காலுக்கு ஏற்பாடு ஆயிற்று. பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்று ஹெட்மாஸ்டர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். வினோதினி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் போய் நின்றாள்.

"நீ வேலைக்குப் போய்ட்டு அலுப்பா வருவ. வராதம்மா."

"போடி! என் பொண்ணு அமெரிக்காகாரிகிட்ட இங்கிலீஷ் பேசறத பாக்காம எனக்கு இன்னாடி அலுப்பு?"

சாயங்காலம் ஹைடெக் லேபில் ஈ நுழைய இடமில்லை. ஜன்னலைச் சாத்தியதில் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. திரையில் அமெரிக்கப் பிள்ளைகள் கம்பளிச் சட்டையும் கொட்டாவியுமாக வந்து உட்கார்ந்தார்கள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ஹேலி கையசைத்தாள். அசைத்த கையோடு அந்தப் பனிப் படத்தைத் திரை நிறையப் போட்டாள், பாவி.

கடைசி பெஞ்சில் சாலம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏய், அது என் கையி! அது போன மாசம் நாங்க குமிச்ச உப்பு இல்ல? அந்தப் பக்கம் நான் நிக்கணுமே. என்னை எங்கடி காணோம்?"

ஹேலி ஆர்வமாக, அந்த அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். பிரபாகரன் சார் கையைக் கட்டிக்கொண்டார். "நீயே சொல்லும்மா."

வினோதினி திரையைப் பார்த்துத் திரும்பினாள். "எங்கம்மா... ரொம்பக் குளிருது, கை விறைச்சுப்போச்சுன்னு சொல்றாங்க" என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டாள்.

லேபே வெடித்துச் சிரித்தது. தமிழ்வேந்தன் பற்கள் கிட்டிக்கிற மாதிரி நடுங்கிக் காட்டினான். ஒன்றும் புரியாத சாலம்மாளும், மகள் என்னமோ கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டாள் என்று பூரித்துப்போய், முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கூடச் சேர்ந்து சிரித்தாள். அதைப் பார்த்ததும் வினோதினிக்குச் சுரீர் என்றது. சீ, நானெல்லாம் ஒரு பெண்ணா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அங்கே ஹேலி பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கென்ன, கொடுத்துவைச்சவங்க! உங்க பனி மலையா அப்படியே கிடக்கு. இங்கேயும் ராத்திரி பூரா பனி கொட்டுச்சு. இன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு ஆசையா படுத்தோம். விடியறதுக்குள்ள லாரி வந்து ரோடு முழுக்க உப்பைக் கொட்டிட்டுப் போயிடுச்சு. பனி கரைஞ்சுபோச்சு, பஸ் வந்துடுச்சு, லீவு போச்சு. உப்பு செய்யற ஆளு மட்டும் என் கையில கிடைச்சா..."

அவள் வகுப்பே ஆமாம் ஆமாம் என்று மேஜையைத் தட்டியது.

வினோதினி விறுவிறுவென்று கடைசி பெஞ்சுக்குப் போனாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து கேமரா முன்னால் நிறுத்தினாள்.

"கிடைச்சாச்சு. இவங்கதான். நான் சொன்னது பொய், ஹேலி. எங்க ஊர்ல பனியே கிடையாது. அது உப்பு. அதை வாரினது எங்கம்மா. படத்துல இருந்து இவங்களை வெட்டினது நான். உன் லீவுக்காகத் திட்டணும்னா இவங்க மூஞ்சிக்கு நேராவே திட்டிக்கோ."

திரையில் ஹேலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பின்னால் மொத்த வகுப்பும் எழுந்து, விரலை நீட்டி, செல்லமாக "ஊ..." என்று ஊளையிட்டது.

"எதுக்குடி என்னப் பாத்து கூச்சல் போடுதுங்க?" என்றாள் சாலம்மாள்.

"உப்பாலதாம்மா அவங்களுக்கு ஸ்கூல் லீவு கிடைக்க மாட்டேங்குதாம். உம்மேல கோவமா இருக்காங்க."

சாலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்கா? நல்லா வேணும். ஒழுங்கா போயி படிக்கச் சொல்லு. நாளைக்கி இன்னும் ரெண்டு கூடை சேத்தே வார்றேன்னு சொல்லு!"