காதுகுத்துக்கு வந்த மாமன்

ஈப்போவில் தங்கை தினேஸ்வரி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தர்மா தன் பையில் ஒரு தட்டும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் எடுத்து வருவான். எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். யாரும் அவனை ஒதுக்கவில்லை, அவனே ஒதுங்கிக்கொண்டான். மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி தெரியவே இல்லை, சேர்ந்து சாப்பிட்டால் எப்போதுமே ஒட்டாது என்று டாக்டர் தங்கையையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "ஓகேலா" என்று எழுந்து வந்துவிடுவான்.

இப்போது தங்கை மகள் ஷர்மினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தர்மாவோ சிலிம் ரிவரிலிருந்து போன் போட்டு, டயர் கடையில் லீவு இல்லை, சித்தப்பா மகன் பவித்ரனை உட்கார வை என்று மழுப்பினான். ரத்தம் வருகிற இடத்தில் தன் மடி எதற்கு என்று அவனுக்குப் பயம். தினேஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீ வரலன்னா எம்மக காது மூளியாவே இருக்கட்டும்லா."

வந்தான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீலென்று கத்தி மாமன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சமாதானத்துக்கு ஒரு முறுக்கைக் கொடுத்தார்கள். அதை ஊறக் கடித்தவள் மாமன் வாயில் திணித்தாள். அவன் திமிறுவதற்குள் பிடுங்கி, திரும்பத் தன் வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினாள்.

தர்மாவுக்கு உயிரே போய்விட்டது. பதறிப்போய்த் தங்கையைப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"என்னண்ணே? அவளுக்குப் பசி, தின்னுட்டுப் போறா" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள்.

டாக்டர் சொல்லிச் சொல்லி ஏறாதது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள், இவன் ஆரம்பித்தான்.

சாப்பாடு முடிந்து தினேஸ்வரி சூடாகத் தே தண்ணீர் கொண்டு வந்தாள். தர்மா பையிலிருந்து மக்கை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விளையாடு என்று ஷர்மினியிடம் கொடுத்தான்.

"எனக்கும் கிளாஸ்லயே ஊத்து, தங்கச்சி."

ஊற்றினாள். அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி அவன் வேட்டியில்தான் போயிற்று.