தரை தட்டுகிற கப்பல்

ஊர்காவற்றுறைக் குருசுமுத்துத் தண்டையலிடம் காணியும் இல்லை, கல்வீடும் இல்லை. இருந்தது ஒரு பேர். அவர் சுக்கான் பிடித்த எந்த வள்ளமும் ஒருநாளும் தரை தட்டியதில்லை என்ற பேர். தீவுப்பகுதிக் கடலில் அது லேசான காரியமா? பாதி கடலடிக் கற்பார், மீதி சேறு. அந்தப் பேருக்காகத்தான் நெடுந்தீவுப் பிலிப்பு தன் மகனை இவருடைய மகள் மேரிஜோசப்பினுக்குக் கலியாணம் செய்துவைக்கச் சம்மதித்தார். சீதனம்கூட அவர் பெரிதாய்க் கேட்கவில்லை.

"தம்பி, நீர் எப்பவாவது வள்ளம் தட்டின ஆளோ?" என்றுதான் கேட்டார்.

காரணம் ஊரறிந்தது. ஜப்பான் சண்டைக் காலத்தில் பிலிப்பின் தம்பி வந்த வத்தை நெடுந்தீவுக் கரையில் தட்டி உடைந்தது. கூக்குரல் கேட்ட சனம், ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று கதவைச் சாத்திக்கொண்டது. விடிந்தபோது பிரேதம்தான் கரைக்கு வந்தது. அன்றிலிருந்து, வள்ளம் தட்டுகிறவன் பிலிப்புக்குக் கொலைகாரன்.

"இல்லை அண்ணை, ஒருநாளும் இல்லை" என்றார் குருசுமுத்து. கோயிலில் கலியாண அறிவித்தலாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் சனியன் கப்பலேறி வந்தது.

இறுப்பிட்டி முதலாளி சிவகுரு கொழும்பில் வாங்கிய கப்பல் அது. வெள்ளைக்காரனின் சண்டைக் கப்பல். பர்மாக் கரையில் டாங்கிகளையும் பட்டாளத்தையும் இறக்கியதாம். சண்டை முடிந்ததும் ஒருவன் உப்பு ஏற்றினான், இன்னொருவன் மாடு ஏற்றினான். சிவகுரு அதற்குத் திருநீறு பூசி 'சீதேவி' என்று பேர் வைத்தார். முகத்தைப் பார்த்து வைத்த பேராகத் தெரியவில்லை. முன்பக்கத்தில் கூரான அணியம் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய இரும்புக் கதவு ஒன்று நின்றது. அடியோ தாம்பாளம்போலத் தட்டை. இதுவும் ஒரு கப்பலா என்று குருசுமுத்துவுக்குக் கோபமே வந்தது.

ஆனாலும் கலியாணச் செலவு இருந்ததே. நெடுந்தீவுக்குச் சீமெந்தும் ஒரு லொறியும் போகின்றன, வழி தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் ஏறிவிட்டார். அதன் கப்டன் அரியநாயகம் யுத்தத்தில் இந்த வகைக் கப்பலிலேயே எஞ்சின் பார்த்தவர்.

நெடுந்தீவு கிட்டியதும் குருசுமுத்து கேட்டார். "எங்கை நங்கூரம் போடுறது?"

"திரும்ப இழுத்தெடுக்கப் பின்னுக்குப் போட்டிட்டு, நேரே கரையிலை ஏத்துறது."

"விசரோ உங்களுக்கு? தட்டும்!"

"தட்டத்தான் வேணும், காணும். உந்தக் கப்பலின்ரை தொழிலே அதுதான். முன்கதவைத் திறந்தால் லொறி தன்பாட்டிலை இறங்கிப் போகும்."

"என்னாலை ஏலாது." குருசுமுத்து சுக்கானை விட்டு விலகினார்.

"நீர் விட்டால் நான் பிடிப்பன். நான் பிடிச்சால் கல்லிலை ஏத்துவன். மணல் எங்கையெண்டு உமக்குத்தானே தெரியும்" என்றார் அரியநாயகம் அமைதியாக.

கப்பல் உடையாமல் இருக்கவேண்டுமானால் குருசுமுத்துவே தட்டவேண்டும். இத்தனை காலம் தட்டாமல் ஓடியதெல்லாம் இன்று சரியாகத் தட்டத்தானா? கோயிலில் இருக்கிற அந்தோனியார் சுருவத்தை நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டார். அந்தோனியாரிடம் தட்டாமல் காப்பாற்று என்று கேட்பதா, நன்றாகத் தட்ட வை என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமல் சுக்கானைப் பிடித்தார்.

பின்னால் நங்கூரம் தண்ணீரில் விழுந்தது. எஞ்சினோ முன்னுக்கு முக்கியது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற கப்பலை அவர் கண்டதில்லை. கடல் பச்சையாகி, வெள்ளையாகி, அடியில் மணல் தெரிந்தது. கை தன்பாட்டில் திருப்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே விட்டார். நீண்ட உரசலுடன் சீதேவி நின்றது.

கரையில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. வள்ளம் தட்டினால் பகை பாராமல் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். பிலிப்பின் தம்பி செத்தபிறகு நெடுந்தீவில் ஏற்பட்ட வழக்கம் அது. ஆண்கள் கயிறுகளோடு ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், இடுப்பளவு தண்ணீரில், பிலிப்பு.

"தள்ளாதையுங்கோ!" என்று குருசுமுத்து கத்தினார். எஞ்சின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்டது? ஐம்பது தோள்கள் இரும்பைத் தள்ளின. அந்த நேரம் பார்த்து முன்கதவு கிறீச்சிட்டுக்கொண்டு கீழே சாய்ந்தது. சனம் சிதறி ஓடியது. கப்பலின் வாய்க்குள்ளிருந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணீரைக் கிழித்துக் கரையேறிப் போனது.

பிலிப்பு மட்டும் தோளில் கயிற்றோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

"எஞ்சின் பிழைச்சுப் போச்செண்டு சொல்லும்" என்று அரியநாயகம் காதுக்குள் சொன்னார். நல்ல யோசனைதான். மூன்றாம் ஓலையும் தடைப்படாது. குருசுமுத்து கதவின் மேல் இறங்கி நடந்தார்.

"என்ன நடந்தது? காத்தோ?" பிலிப்புக்கு மூச்சு வாங்கியது.

"இல்லை அண்ணை. வேணுமெண்டுதான் ஏத்தினனான்."

"வேணுமெண்டோ?"

"ஓம். உந்தக் கப்பல் அப்பிடித்தான். நான் சொல்லியனுப்பியிருப்பன், எனக்கே இப்பதான் தெரியும்."

பிலிப்பின் முகத்தில் கோபம் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. எதை வைத்துக்கொள்வதென்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் தண்ணீரில் நின்றபடியே அழுதார்.

"தம்பி செத்த அண்டைக்கு நான் காரைநகரிலை நிண்டனான். ஒருத்தரும் இறங்கேல்லை. இண்டைக்கு நான் இங்கை இருந்தனான், ஓடிவந்தனான். மேலை உம்மைக் கண்டனான், தள்ளித்தள்ளிப் பாத்தன், அசையேல்லை. உம்மையும் விட்டிட்டன் எண்டு நினைச்சன்."

தட்டினதற்காகத் திட்டு வரும் என்றுதான் குருசுமுத்து இறங்கிவந்தார். பிலிப்பின் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. கலியாணமும் முடிந்தது. அடுத்த மாதம் சீதேவி மறுபடி சீமெந்தோடு நெடுந்தீவு மணலில் ஏறியது. இந்தமுறை மணி அடிக்கவில்லை, சனமும் வரவில்லை. ஒரே ஒருவர்தான் கயிற்றோடு தண்ணீருக்குள் ஓடிவந்தார்.

"சம்மந்தி, வேணுமெண்டுதான்!" என்று குருசுமுத்து மேலேயிருந்து கத்தினார்.

"தெரியும்! தெரியும்!" என்றபடி பிலிப்பு ஓடிவந்துகொண்டே இருந்தார்.