காய்ந்த பாறையில் விழுந்த கம்பி

மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதத்து மத்தியானம். கொட்டச்சேடு எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை ஒன்று காற்றில் முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்து பாறையில் கிடந்தது. மாட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போன சின்னையன் அதை மிதித்துவிட்டான். அந்த இடத்திலேயே உயிர் போனது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஏற்காடு சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்த பிறகுதான் லைன் நின்றது. நிறுத்தியவர் ஆபரேட்டர் நல்லமுத்து.

போன் வரும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. கம்பி அறுந்து தரையில் விழுந்தால், மண்ணுக்குள் பாயும் மின்சாரத்தை உணர்ந்து உடனே லைனை வெட்டிவிட ரிலே என்று ஒரு கருவி அங்கே இருந்தது. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் அவர் நிம்மதியாக வேலை பார்த்தார். அன்றைக்கு அது அசையவே இல்லை.

சேலத்திலிருந்து ஆட்கள் வந்து ரிலேயைக் கழற்றிச் சோதித்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சின்னையனின் மனைவி பாவாயி சப்ஸ்டேஷனுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நல்லமுத்து எழுந்து நின்றார். அவள் திட்டவில்லை.

"ஏனுங்க சார், கம்பி அறுந்தா கரண்டு தானா நிக்கோணுமாமே. அன்னைக்கு மட்டும் ஏனுங்க நிக்கல?"

அவர் மறைக்காமல் சொன்னார். ஈர மண்ணில் மின்சாரம் நிறையப் பாயும், ரிலேக்குத் தெரிந்துவிடும். காய்ந்த பாறையில் கொஞ்சம்தான் பாயும். ஆளைக் கொல்ல அது போதும். ரிலேயின் கண்ணில் அது படாது.

பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது கெட்டுப்போயிருந்தாக்கூடத் தேவலீங்க. யாரையாவது ஏசிட்டாவது ஊடு போயிருப்பேன்."

அன்றிலிருந்து நல்லமுத்துவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. லைனுக்கு மேலும் பக்கத்திலும் உள்ள கிளைகளையெல்லாம் வெட்டச் சொல்லி அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். வெட்டினார்கள். குறைந்த மின்சாரம் பாய்ந்தாலும் லைனை வெட்டும்படி ரிலேயின் அளவையும் முடிந்தவரை இறக்கி வைத்தார்கள்.

ஆனியில் மழை பிடித்தது. வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு கம்பி அறுந்து, பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்த ஈரக்காட்டில் விழுந்தது. விழுந்ததுமே ரிலே லைனை வெட்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதைச் சொன்னால் பாவாயிக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி, லீவு நாளில் பஸ் பிடித்துக் கொட்டச்சேடு போனார் நல்லமுத்து. அவள் காப்பிச் செடிகளுக்கு நடுவே கவாத்து செய்து வெட்டிப்போட்ட குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார்.

"புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?"

"இல்லம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நொம்ப நல்லதுங்க."

அவள் குச்சிகளைச் சேர்த்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"அப்படீன்னா, அன்னைக்கு ஒரு மழ பேஞ்சிருந்தா எங்கூட்டுக்காரரு இருந்திருப்பாருங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று அவர் ஒரு கணம் நினைத்தார். பொய் வரவில்லை. இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். பாவாயி அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை நல்லமுத்து அங்கேயே நின்றார்.