வெயிலிலும் கரையாத வெள்ளை

பாலத்தின் நடுவில் பேருந்து நின்றபோது, கப்பல் ஒன்று தண்ணீர்மேலேயே தூங்கிப்போன மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னாள். இன்ஜின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் மூச்சை விட்டது. பின்னால் எல்லாரும் ஹாரனை அலறவிட, அவள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே வெள்ளையாக அப்பிக்கிடந்தது. டிரைவரம்மா டீசலைத் திருடி விற்றுவிட்டு மாவைக் கலந்திருக்கிறாள் என்று டிப்போவில் கதை கட்டிவிட்டார்கள். 'மாவு மாமி' என்று பெயரும் வைத்தாயிற்று. விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது. முடிந்தபின் தொடவே விடமாட்டார்கள் என்று பேச்சு.

அன்றிலிருந்து அம்மா சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பாள். தட்டு மெல்ல இடப்பக்கம் திரும்பும்.

"தட்டைக் கீழ வச்சிட்டுச் சாப்பிடும்மா."

"திருப்பத்துல இருக்கேன்டி. பேச்சுக் குடுக்காத."

அந்தப் பேருந்துக்குத் தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்து அனுப்புகிற ஆலையில்தான் மகளுக்கு வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா வண்டி ஓட்டிப் படிக்க வைத்த படிப்பு, பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "தெளிவா இருக்கு" என்று சொல்வதற்குத்தான் அங்கே பயன்பட்டது. அதையும் குழாயிலிருந்து சூடாகப் பிடித்த கையோடு சொல்லிவிட வேண்டும். சூட்டோடு பார்த்தால் எல்லாமே தெளிவுதான்.

ஆனால் அவள் ஜன்னலோரம் விட்டுவைத்த பாட்டில்களுக்குள் வேறொரு பருவம் நடந்தது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அந்தத் தேன்நிறத்துக்குள் பனி இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. எந்த அவசரமும் இல்லாமல், யாரோ கனவில் பூ உதிர்ப்பதுபோல வந்து அடியில் படுத்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்தால் அறையின் சத்தமெல்லாம் தூரமாகிவிடும். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் அம்மாவின் வண்டியை நிறுத்தியது.

செடிகளின் விதையிலேயே இருக்கிற ஸ்டீரால் என்கிற கொழுப்புப் பொருள் அது. அதன் மூலக்கூறின் முதுகில் ஒரு சர்க்கரை மூட்டையும் உண்டு. எண்ணெயில் இருக்கும்வரை மேலே கொழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கரைந்து கிடக்கும். எண்ணெயை டீசலாக்கும்போது அந்தச் சட்டையை உருவிவிடுகிறார்கள். அப்புறம் அது கரைந்து ஒளிய வழியில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளையாக இறங்கிவிடும். டீசலைக் குளிரவிட்டு ஒருநாள் தேக்கி, உறிஞ்சும் தூளைக் கலக்கி வடிகட்டினால் பெரும்பாலும் போய்விடும். இதை அவள் மேலாளரிடம் பலமுறை சொல்லிவிட்டாள். தன் அறையை விட்டு வெளியே வராத அந்த மனிதருக்கு ஆலையில் 'ஏசி' என்று பெயர்.

அன்றைக்கும் போய் நின்றாள்.

"பனியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றார் ஏசி. "ஒருநாள் தேக்கி வச்சா அடுத்த லோடை எங்க ஊத்துறது, உன் டிபன் பாக்ஸ்லயா? இதப் பாரு, முதல் லோடுல எடுத்தது. எத்தனை மாசமா இங்கயே இருக்கு. கண்ணாடி மாதிரி இல்ல?"

மேசைமேல் மரத்தாங்கியில் நின்றது அந்த பாட்டில். ஆலையின் பெயர் ஒட்டி, மூடியில் அரக்கு முத்திரை வைத்தது. வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் அவர் பேச்சையே தொடங்குவார். பாட்டிலின் அடிப்பாகம் மரத்துக்குள் புதைந்திருந்தது.

அவள் கேட்டு நிற்கவில்லை. பாட்டிலைப் பிடுங்குவதுபோல உருவி எடுத்தாள்.

மரம் மறைத்த இடத்தில், விரல் தடிமனுக்கு வெள்ளை.

ஏசி குனிந்து பார்த்தார். "ரூம் ஜில்லுனு இருக்குல்ல. மெழுகு உறைஞ்சிருக்கும்."

"மெழுகுன்னா வெயில்ல உருகணும் சார். வாங்க, பாத்துடலாம்."

தகரக் கொட்டகைக்கு வெளியே உச்சி வெயிலில் பாட்டிலை வைத்துவிட்டு இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். முற்றம் மஞ்சளாகத் தளும்பியது. குழாய்கள் எல்லாம் தூக்கத்தில் முனகின. ஏசி வியர்வையில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தார். தொட்டால் சுடுகிற அளவுக்கு பாட்டில் காய்ந்தது. வெள்ளை அசையவில்லை.

"சரி, தேக்கி வடிகட்டிடுவோம்," என்றார் கடைசியில். "ஆனா இந்த விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது."

"அப்ப எங்கம்மா?"

"அது டிப்போ விவகாரம்."

அவள் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றினாள்.

"ஏய், அது ஆலைச் சொத்து! எடுத்துட்டுப் போனா திரும்பி வராத!"

"பஸ்ஸுக்குள்ள போன வெள்ளையும் ஆலைச் சொத்துதான் சார்."

அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளரே முத்திரையை உடைத்தார். மெக்கானிக் பாட்டிலைக் குலுக்கிப் புது ஃபில்டரில் பாதியை ஊற்றினார். கொஞ்சம் இறங்கியது, அப்புறம் சொட்டுச் சொட்டாகி நின்றேபோனது. பாலத்தில் கழற்றியதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மெக்கானிக் பழையதிலிருந்து கொஞ்சம் சுரண்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கலக்கினார்.

"மாவுன்னா இந்நேரம் கூழாயிருக்கும் சார். இது தண்ணியோட சேரவே இல்லையே." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பாமலே முணுமுணுத்தார். "மன்னிச்சிரு அக்கா. பேர் வச்சது நான்தான்."

"வேற நல்ல பேரா வை," என்றாள் அம்மா.

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு வண்டிய எடுங்க."

"டேங்கைக் கழுவியாச்சா?"

"கழுவி வேற டீசல் ஊத்தியிருக்கு."

"அப்ப நாளைக்கு எதுக்கு?"

அம்மா அப்போதே வண்டியில் ஏறினாள். மகள் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். "எனக்கு நாளைக்கு வேலை இருக்காதும்மா."

அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கியரை மாற்றினாள். "சொந்தக்காரின்னு சும்மா உக்காந்துக்காத. டிக்கெட் எடு."

பேருந்து பாலத்தில் ஏறியது. ஆறு மெதுவாகப் பின்னால் போனது. மகளின் மடியில் மீதி டீசலோடு பாட்டில். வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே வெள்ளை எழும்பிச் சுழன்றது, எங்கேயும் இறங்கவில்லை. பாலம் முடிந்ததும் முன்னால் அம்மாவின் இரண்டு கைகள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பின. நிஜமான திருப்பம். மகளுக்குக் கண் சொக்கியது.