நடுவில் நின்ற பூச்சியம்

அஸீபாவின் கால் முறிந்து ஆறு கிழமையாகிவிட்டது. மாவுக்கட்டோடு பாடசாலைக்குப் போக முடியாததால், ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் வேலை உம்மா நுஸ்ரியாவின் தலையில் விழுந்தது. அடுத்த தவணை அட்சரகணிதம் தொடங்குகிறது, அதற்குள் தசமம் பிடிபடாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று வகுப்பு ரீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நுஸ்ரியா புத்தளம் அகதி முகாமில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிழையாக எதையாவது சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு காலையும் புத்தகத்தைத் திறப்பாள்.

அன்று 0.5, 0.50 இரண்டும் ஒன்றா என்று அஸீபா கேட்டாள்.

"ஓம். தசமத்துக்குப் பிறகு வாற பூச்சியத்துக்குப் பெறுமதி இல்ல."

நுஸ்ரியா விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சரியென்றே இருந்தது.

அந்நேரம் கைபேசி அடித்தது. மீன்பிடிக்கப் போன கணவன் நிப்ராஸ், கடலிலிருந்து.

"எஞ்சின் நிண்டுட்டு. வள்ளத்தில வெடிப்பு, தண்ணி ஏறுது. நௌபர் போன் எடுக்கிறானில்ல. நிக்கிற இடத்தச் சொல்றன், எழுது."

வாடைக்காற்றின் இரைச்சலுக்குள் அவன் ஜீ.பி.எஸ். காட்டிய இரண்டு எண்களையும் வாசித்தான். அவள் மகளின் கொப்பியிலேயே எழுதினாள். பிறகு அழைப்பு அறுந்துபோனது.

நிப்ராஸின் தம்பி நௌபர் அடுத்த வளவில் தூக்கத்தில் கிடந்தான். நுஸ்ரியா எண்களை ஒரு துண்டுக் கடதாசியில் பெயர்த்தெழுதி, ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். அவன் துண்டைப் பறித்துக்கொண்டு, தன்னோடு தொழிலுக்கு வரும் பையனையும் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினான். சற்று நேரத்தில் அவனுடைய போட் புறப்படும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அஸீபா கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, சாச்சாட்ட என்ன எண் குடுத்தீங்க?"

"எட்டு தசம் ஏழு ஐந்து. மற்றது அப்பிடியே."

"இங்க எட்டு தசம் ஏழு பூச்சியம் ஐந்து எண்டெல்லோ இருக்கு."

"பூச்சியத்துக்கு..." என்று தொடங்கிய நுஸ்ரியா கொப்பியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"கடைசியில நிண்டாத்தான் உம்மா பெறுமதி இல்ல. இது நடுவில நிக்குது."

பிள்ளை சொல்வது சரியா? பிள்ளை பிழையென்றால், சரியாகப் போகிற போட்டைத் தன் வாயாலேயே திருப்பி, கணவனைக் கடலுக்குக் கொடுத்ததாகிவிடும். பேனையை எடுத்து ஒரு நேர்கோடு கீறினாள். ஒரு முனையில் 8.70, மறுமுனையில் 8.75. இடையை ஐந்தாகப் பிரித்தாள். 8.705 முதல் துண்டின் பாதியிலேயே நின்றது. மறுமுனை எங்கேயோ கிடந்தது.

நௌபருக்கு அழைத்தாள். திரும்பத் திரும்ப மணி போய் நின்றது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் எடுத்தான்.

"மதினி, இடத்துக்கு வந்திட்டம். இங்க ஒண்டுமில்ல, வெறுங்கடல்."

"நான் பிழையா எழுதிட்டன். ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில பூச்சியம் இருக்கு. போட்டுப் பாருங்கோ."

காற்றுக்கு நடுவே அவன் ஜீ.பி.எஸ். பொத்தான்களை அமுக்கும் சத்தம் கேட்டது.

"தெற்க காட்டுது. அஞ்சு கிலோமீற்றர். போறம்."

அதன் பிறகு ஒரு மணித்தியாலம் கைபேசி அடிக்கவில்லை. அஸீபா குர்ஆனின் யாசீனை மெதுவாக ஓதத் தொடங்கினாள். நுஸ்ரியாவுக்கு ஓதவும் வாய் வரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தபடி, இவ்வளவு நேரத்தில் ஒரு வள்ளத்துக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் நௌபர் அழைத்தான். வள்ளம் மூழ்கிப் போய்விட்டது. வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த நிப்ராஸை உயிரோடு தூக்கிவிட்டார்கள்.

பின்னேரம், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கணவனிடம் நுஸ்ரியா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"முதல்ல நௌபர்ட எஞ்சின் சத்தம் தூரத்தில கேட்டது," என்றான். "பிறகு கேக்கேல்ல. திரும்பிப் போறானெண்டு நினைச்சு, கானை விடப் பார்த்தனான்."

நுஸ்ரியா குசினிக்குள் போய் நிலத்தில் உட்கார்ந்தாள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் அவளால் எழும்ப முடியவில்லை.